அடுக்குமாடிச் சிறுவரும் அருகிலிருக்கும் காடும்

யூன் மாத இறுதியில் ஒன்ராறியோ மாகாணத்தின் பாடசாலைகள் மூடப்படுகின்றன. செப்ரெம்பர் முதல் வாரத்தில், தொழிலாளர் தினத்துக்கு மறுநாள், அவை மீண்டும் திறக்கப்படும் வரை ஏறத்தாழ ஒன்பது வாரங்கள் பிள்ளைகள் வீட்டிலிருக்கின்றனர். இந்த ஒன்பது வாரங்களையும் எவ்வாறு கழிப்பது என்பது ரொறன்ரோ பெரும்பாகத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஆண்டுதோறும் எழுகின்ற கேள்வியாகும். வசதி படைத்தோருக்கு இது விருப்பத் தெரிவு பற்றிய கேள்வி. வாடகையும் வாகனக் கடனும் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணமும் மாத வருமானத்தை விழுங்கிவிடும் குடும்பங்களுக்கோ இது ஒரு கடினமான கணக்கு.

பிள்ளைகளை வெளியே கூட்டிச் செல்வது என்றவுடன் தமிழ்ப் பெற்றோரின் மனதில் தோன்றுகின்ற இடங்கள் சிலவே. வொண்டர்லாண்ட், நயாகரா, ஒட்டாவா, மொன்றியல் என்று அந்தப் பட்டியல் முடிந்துவிடும். நுழைவுச் சீட்டு, வாகனத் தரிப்பிடக் கட்டணம், எரிபொருள், அங்கே வாங்க வேண்டிய உணவு, வாசலில் வைத்திருக்கும் விளையாட்டுப் பொருட்கள் எனச் செலவு வளர்ந்துகொண்டே போகும். பெரும்பாலான கேளிக்கைப் பூங்காக்கள் வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுசெல்ல விடுவதில்லை. ஆறு பேர் கொண்ட குடும்பமொன்று இப்படியொரு நாளைக் கழித்துவிட்டு வீடு திரும்பும்போது ஒரு வாரச் சம்பளத்தின் கணிசமான பகுதி கரைந்திருக்கும். அதன் பின்னர் அந்தக் கோடையில் இன்னொரு பயணம் பற்றி அக்குடும்பம் நினைத்தும் பார்க்காது. ஒரு நாள் கொண்டாட்டம், அறுபது நாள் அடைப்பு என்ற நிலைமைதான் மிஞ்சுகின்றது.

இந்த அடைப்பின் உள்ளே என்ன நடக்கின்றது என்பதை ஸ்காபரோவின் அடுக்குமாடிக் குடியிருப்புக்களை அறிந்தவர்கள் அறிவார்கள். தந்தை இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குகின்றார். தாய் தொழிற்சாலையிலோ முதியோர் இல்லத்திலோ பகல் வேலைக்குச் சென்றுவிடுகின்றார். பிள்ளைகளுக்குக் காவல் அம்மம்மாவும் அப்பப்பாவுமே. அவர்களுக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறும். பேருந்தில் தனியே சென்று வருவதற்குத் துணிவு வராது. பகல் உறக்கத்திலிருக்கும் மனிதரை எழுப்பிவிடாதபடி பிள்ளைகள் கைபேசியோடு மூலையில் ஒடுங்கிவிடுகின்றனர். வயல்வரம்பிலும் குளக்கட்டிலும் கோவில் வீதியிலும் ஒரு சதமும் செலவில்லாமல் வளர்ந்த தலைமுறை, பேரப்பிள்ளைகளைப் பதினைந்தாம் மாடியில் வைத்துக் காக்கின்றது. வெளியே போய் விளையாடு என்று சொல்வதற்கு ஊரில் பணமும் தேவைப்படவில்லை, திட்டமும் தேவைப்படவில்லை. இங்கே இரண்டும் வேண்டியிருக்கின்றன என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் வேண்டியிருப்பது பெருமளவுக்குத் திட்டம் மட்டுமே.

ரொறன்ரோ மாநகரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 17 விழுக்காடு ஆற்றுப் பள்ளத்தாக்குகளாலும் ஓடைப் பள்ளங்களாலும் ஆனது. ஏறக்குறைய 11,000 ஹெக்டேயர் பரப்புள்ள இந்தப் பசுமைப் பின்னல் நகரின் எல்லாத் திசைகளிலும் ஊடுருவிச் செல்கின்றது. இவ்வளவு பெரிய நகரில் இவ்வளவு நிலம் வீடு கட்டப்படாமல் எஞ்சியிருப்பதற்கு ஒரு துயரமான காரணம் உண்டு. 1954 ஒக்ரோபர் 15 ஆம் நாள் இரவு ஹேசல் சூறாவளி இப்பகுதியைத் தாக்கியபோது ஹம்பர் ஆறு கரை கடந்து பாய்ந்தது. ஒன்ராறியோவில் 81 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 35 பேர் றேமோர் வீதி என்ற ஒரேயொரு தெருவில் வாழ்ந்தவர்கள். அந்த அழிவின் பின்னர் வெள்ளச் சமவெளிகளில் வீடு கட்டுவது தடுக்கப்பட்டது. 1957 இல் அமைக்கப்பட்ட பாதுகாப்பு அதிகார சபை ஆற்றோர நிலங்களைக் கையகப்படுத்தியது. அப்படிக் கையகப்படுத்தப்பட்ட நிலங்கள் பலவற்றில்தான் இன்று பூங்காக்கள் இருக்கின்றன. அக்காலத்தில் பெருநகரப் பூங்கா ஆணையாளராக இருந்த ரொமி தொம்சன் புல்லின் மேல் தயவுசெய்து நடவுங்கள் என்று அறிவிப்புப் பலகை வைத்ததற்காக இன்றும் நினைவுகூரப்படுகின்றார். புல்லில் கால் வைக்காதே என்ற பலகையே உலகெங்கும் வழமையாக இருந்த காலம் அது. இந்த நகரத்தின் பூங்காக்கள் எவருடைய தயவாலும் கிடைத்தவையல்ல. வரி செலுத்தும் ஒவ்வொருவருக்கும், வாடகை வீட்டில் இருந்துகொண்டு அந்த வரியை வாடகையோடு சேர்த்துக் கட்டும் ஏதிலிக் குடும்பத்துக்கும், அவற்றில் உரிமை உண்டு.

ஸ்காபரோ, மார்க்கம், பிக்கறிங் ஆகிய இடங்களில் செறிந்து வாழும் தமிழர்களுக்கு இவற்றுள் மிக அருகில் இருப்பது ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவாகும். 2015 இல் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட இப்பூங்கா ஒன்ராறியோ ஏரிக்கரையிலிருந்து வடக்கே ஓக் றிட்ஜஸ் மேட்டு நிலம் வரை ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர் பரப்பில் விரிந்திருக்கின்றது. நடுவண் அரசின் பூங்காத் துறையே இதனை நிருவகிக்கின்றது. ஆண்டு முழுவதும் நுழைவுக் கட்டணம் இல்லை. 1970 களின் நடுப்பகுதி தொடக்கம் இந்தப் பள்ளத்தாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று பொதுமக்கள் விடாது போராடியதன் பயனே இது. பூங்காவுக்குள்ளே பீட் ஹில் என்ற இடத்தில் 17 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செனெக்கா மக்களின் கிராமம் ஒன்று இருந்தது. அது தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டுள்ளது. தங்கள் நிலத்தைப் பறிகொடுத்த மக்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்குத் தமிழ்ப் பெற்றோருக்கு அதிகம் ஆயத்தம் தேவைப்படாது.

நடைபாதைகளுள் விஸ்ரா என்பது ஒன்றரைக் கிலோமீற்றர் அளவே நீளமானது. விலங்குக் காட்சிச்சாலைக்கு அண்மையிலிருந்து புறப்படும் அப்பாதையில் பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்கு ஒரு மேடை உண்டு. ஆறு வயதுப் பிள்ளையும் எழுபது வயது அம்மம்மாவும் ஆறுதலாக நடந்து முடிக்கக்கூடிய தூரம் அது. சற்று நீளமான மாஸ்ற் பாதை, சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்னர் பாய்மரக் கப்பல்களின் பாய்மரங்களுக்காக நெடிய பைன் மரங்களை வெட்டி இழுத்துச் சென்ற வழியாகும். லோரன்ஸ் வீதியின் கிழக்கு முனையில் ரூஜ் ஆறு ஏரியோடு கலக்குமிடத்தில் மணற்கரை ஒன்று இருக்கின்றது. கோ தொடருந்தின் ரூஜ் ஹில் நிலையம் அதற்கு அருகிலேயே உள்ளது. விலங்குக் காட்சிச்சாலைக்குப் பிள்ளைகளைப் பலமுறை கூட்டிச் சென்ற குடும்பங்களுள் எத்தனை, வீதிக்கு அப்பால் கட்டணமின்றித் திறந்திருக்கும் காட்டினுள் ஒரு தடவையாவது கால் வைத்திருக்கும் என்பது கேட்கப்பட வேண்டியதே.

போக்குவரத்தைப் பொறுத்தவரை பல குடும்பங்கள் இன்னமும் அறியாதிருக்கும் செய்திகள் சில உண்டு. ரொறன்ரோப் போக்குவரத்து ஆணைக்குழுவின் பேருந்து, நிலக்கீழ்த் தொடருந்து அனைத்திலும் 12 வயதும் அதற்குக் குறைந்த வயதுமுடைய பிள்ளைகள் 2015 மார்ச் முதல் இலவசமாகப் பயணம் செய்கின்றனர். 2019 மார்ச் முதல் கோ தொடருந்திலும் கோ பேருந்திலும் அதே சலுகை நடைமுறையில் உள்ளது. 2018 ஓகஸ்ட் முதல் ஒருமுறை செலுத்தும் கட்டணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஏறி இறங்கிப் பயணம் செய்யலாம். வார இறுதி நாட்களுக்கென்று அண்மைய ஆண்டுகளில் கோ நிறுவனம் 10 டொலருக்கு விற்று வரும் நாட்சீட்டு, பெரியவர் ஒருவரை அந்த நாள் முழுவதும் அதன் தடங்களில் எங்கும் கொண்டுசெல்லும். அதாவது தாயும் தந்தையும் மூன்று சிறு பிள்ளைகளும் இருபது டொலருக்கு ஹமில்ரனின் நீர்வீழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு வரலாம். மகிழுந்து இல்லாததால் எங்கும் போக முடியவில்லை என்பது இந்த நகரில் முழுமையான உண்மையல்ல.

ஆயினும் அது முழுமையான பொய்யுமல்ல. ஸ்காபரோவின் கிழக்குப் பகுதியில் வாழ்பவர்களுக்குப் போக்குவரத்து என்பது நெடுங்காலமாகவே ஓரவஞ்சனையின் கதை. 2023 யூலை 24 ஆம் நாள் ஸ்காபரோ இலகு தொடருந்தின் கடைசிப் பெட்டி தடம் புரண்டதன் பின்னர் அந்தத் தடம் மீண்டும் இயக்கப்படவேயில்லை. அதற்குப் பதிலாகப் பேருந்துகள் விடப்பட்டன. மாடிக் குடியிருப்பிலிருந்து ஏரிக்கரைக்குப் போவதற்கு இரண்டு மூன்று பேருந்துகள் மாற வேண்டியவர்களுக்கு, ஒவ்வொரு மாற்றமும் தள்ளுவண்டியையும் உணவுப் பையையும் அழும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு நிற்கும் இன்னொரு கால் மணி நேரமாகும். ஸ்காபரோ மண்மேடுகளின் கதையும் இதுவே. ஏரியோரமாகப் பதினைந்து கிலோமீற்றர் அளவுக்கு நீண்டு, சில இடங்களில் 90 மீற்றர் வரை உயரும் அந்த வெண்ணிறக் குன்றுகளைப் பார்த்தே 1793 இல் எலிசபெத் சிம்கோ அம்மையார் இங்கிலாந்தின் ஸ்காபரோவை நினைத்து இப்பகுதிக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். பகுதிக்குப் பெயர் கொடுத்த அந்தக் கரைக்கு, மகிழுந்து இல்லாதவர்கள் அண்மைக்காலம் வரை செங்குத்தான வீதியில் இறங்கி ஏறியே சென்று வந்தனர். குடியிருப்பாளர்கள் தொடர்ந்து கேட்டதன் பின்னரே கோடைகால வார இறுதிகளில் புளவ்வர்ஸ் பூங்காவுக்குப் பேருந்து விடப்பட்டது. வார நாட்களில், அதாவது விடுமுறையின் பெரும்பகுதியில், பாட்டியோடு இருக்கும் பிள்ளைக்கு வார இறுதிப் பேருந்தால் என்ன பயன்? பேருந்து செல்லாத பூங்காவை இலவசம் என்று மாநகரசபை சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. இந்தக் கோரிக்கையைத் தமிழ் வாக்காளர்கள் நிறைந்த தொகுதிகளின் மாநகரசபை உறுப்பினர்களிடம் எடுத்துச் செல்ல வேண்டியவர்கள் தமிழ் அமைப்புக்களே.

பேருந்தே தேவைப்படாத வெளியும் ஒன்று உண்டு. டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து ரூஜ் பூங்கா வரை ஸ்காபரோவைக் குறுக்கறுத்துச் செல்லும் உயர் மின்னழுத்தக் கம்பித் தடத்தின் கீழுள்ள நிலம், முன்னர் புல்வெட்டும் இயந்திரம் மட்டுமே ஓடித் திரிந்த வெற்று வெளியாகக் கிடந்தது. 2018 இல் அறிவிக்கப்பட்ட மெடோவே திட்டத்தின் கீழ் அந்த 16 கிலோமீற்றர் நீளத் தடம் நாட்டுப் பூஞ்செடிகளும் உயர்ந்த புற்களும் வளரும் வெளியாக மாற்றப்பட்டு வருகின்றது. அதனூடே நடப்பதற்கும் மிதிவண்டி ஓட்டுவதற்கும் பாதை அமைக்கப்படுகின்றது. தமிழர்கள் வாழும் மாடிக் கட்டடங்கள் பலவற்றின் சாளரங்களிலிருந்து இந்த மின்கோபுரங்கள் தெரியும். கோடையின் நடுவில் பாற்செடிகளில் மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களைப் பிள்ளைகளால் தேடிக் கண்டுபிடிக்க முடியும். செலவு, ஒரு போத்தல் தண்ணீர்.

திட்டமிடுதல் என்பது இங்கேதான் வருகின்றது. வெயில் ஏறுவதற்கு முன்னர் புறப்படுவது, மலசலகூடம் எங்கே இருக்கின்றது என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது, சிறு பிள்ளையின் கால் தாங்கும் தூரத்துக்கு மேல் ஆசைப்படாதிருப்பது ஆகியன சிறிய விடயங்களாகத் தோன்றினும் ஒரு நாளை ஆக்குவதும் அழிப்பதும் அவைதாம். சாப்பாட்டைப் பற்றித் தமிழ்த் தாய்மாருக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இடியப்பமும் சம்பலும் புளிச்சாதமும் ரோல்சும் காட்டினுள் சுவை கூடும் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர். நீளக் காற்சட்டையும் காலுறையும் அவசியம்; ரூஜ் பள்ளத்தாக்கு லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணிகள் காணப்படும் இடமாகும். வீடு திரும்பியதும் பிள்ளைகளின் காதுக்குப் பின்புறம், கமக்கட்டு, முழங்காலின் பின்புறம் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். மூன்று இலைகளாகச் சேர்ந்து வளரும் பொய்சன் ஐவி என்ற செடியைத் தொட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும் என்பதையும், பாதையை விட்டு விலகாதிருப்பதே அதற்குச் சிறந்த மருந்து என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். மண்மேடுகளின் விளிம்புக்கு எக்காரணம் கொண்டும் போகலாகாது. படம் எடுப்பதற்காக விளிம்பில் நின்றவர்களைத் தீயணைப்புப் படையினர் மீட்டெடுப்பது அங்கே வழமையான செய்தியாகிவிட்டது.

நகரின் மேற்கேயுள்ள ஹை பார்க்குக்கு நிலக்கீழ்த் தொடருந்தில் சென்று வாசலிலேயே இறங்கலாம். கட்டடக் கலைஞரும் நில அளவையாளருமான ஜோன் ஜோர்ஜ் ஹவார்ட் 1873 இல் தமது நிலத்தை நகரத்துக்கு எழுதிக் கொடுத்தபோது, அது என்றென்றும் குடிமக்களின் இலவசப் பயன்பாட்டுக்கே உரியதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். அங்கேயுள்ள சிறிய விலங்குக் காட்சிச்சாலைக்கும் கட்டணம் கிடையாது. 1959 இல் ரோக்கியோ நகர மக்கள் அன்பளிப்பாக வழங்கிய செர்ரி மரங்கள் வசந்தத்தில் சில நாட்கள் மட்டுமே பூத்திருக்கும்; அந்த வார இறுதியின் சனநெரிசலைத் தவிர்த்துவிட்டு மற்ற நாட்களில் செல்வதே சிறு பிள்ளைகளோடு செல்பவர்களுக்கு நல்லது. கபேஜ்ரவுண் பகுதியிலுள்ள றிவர்டேல் பண்ணையிலும் ஆடு, மாடு, பன்றி, கோழிகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஊரில் பட்டி மாடு வைத்திருந்த தாத்தா ஒருவருக்கு அங்கே பேரனிடம் சொல்வதற்கு நிறைய இருக்கும். 2025 யூலையில் டொன் ஆற்றின் புதிய முகத்துவாரத்தில் திறந்துவைக்கப்பட்ட பிடாசிகே பூங்கா, பெரும் விலங்குருவங்களைக் கொண்ட விளையாட்டுத் திடலோடு அமைந்தது, அதுவும் கட்டணமில்லாதது. தீவுகளின் நிலைமை வேறு. ரொறன்ரோத் தீவுகளில் காலாற நடக்கவும் மணலில் விளையாடவும் காசு தேவையில்லை. எனினும் படகைப் போக்குவரத்து ஆணைக்குழு இயக்குவதில்லை என்பதால் பேருந்துச் சீட்டு அங்கே செல்லாது. பிள்ளைகளுக்கும் கட்டணம் அறவிடப்படுகின்றது. பேருந்தில் இலவசமாக வந்த பத்து வயதுப் பிள்ளைக்குப் படகுத் துறையில் பணம் கேட்பதற்கு மாநகரசபையிடம் நியாயமான விளக்கம் இருப்பதாகத் தெரியவில்லை.

கோடை முடிந்ததும் வெளியுலகமும் முடிந்துவிட்டது என்று கருதுவது வெப்ப நாட்டிலிருந்து வந்தவர்களின் இயல்பு. செப்ரெம்பர் இறுதியிலும் ஒக்ரோபரிலும் ஹைலண்ட் கிறீக், ரூஜ், ஹம்பர் ஆறுகளில் சால்மன் மீன்கள் ஏரியிலிருந்து எதிர்நீச்சலடித்து முட்டையிட மேலேறி வருகின்றன. கையளவு ஆழமுள்ள நீரில், பிள்ளையின் அரைவாசி உயரத்துக்கு நீண்ட மீன் கல்லில் மோதி மோதி முன்னேறும் அந்தக் காட்சியை மோர்ணிங்சைட் பூங்காவில் கரையில் நின்றே பார்க்கலாம். ஒன்ராறியோ ஏரிக்குச் சொந்தமான அத்திலாந்திக் சால்மன், அணைகளாலும் காடழிப்பாலும் மிகை மீன்பிடியாலும் 1898 அளவில் இங்கு அற்றுப்போய்விட்டது. இப்பொழுது பெருமளவில் ஏறி வரும் சினூக் இனம் பசுபிக் கடற்கரையிலிருந்து 1960 களின் பிற்பகுதி முதல் கொண்டுவந்து விடப்பட்டது. வந்தேறிய மீன்தான், ஆனால் அதன் குஞ்சுகள் இந்த ஆற்றையே தம் ஊராக அறிந்து திரும்பி வருகின்றன. பிள்ளைகள் இதை எளிதில் புரிந்துகொள்வர்.

குளிர்காலத்தில் மாநகரசபையின் திறந்தவெளிப் பனித்தளங்களில் சறுக்குவதற்குக் கட்டணம் இல்லை. ஸ்காபரோ நகர மண்டபத்தின் முன்னுள்ள அல்பேட் கம்பல் சதுக்கத்திலும் ஒன்று உண்டு. சறுக்கும் காலணிகளைப் புதிதாக வாங்காமல், பிள்ளைகளின் கால் ஆண்டுதோறும் வளர்வதைக் கருத்திற்கொண்டு பழையவற்றைக் கைமாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை ஒரு குடியிருப்புக் கட்டடத்தினுள்ளேயே செய்துகொள்ள முடியும். தலைக்கவசத்தை மட்டும் நல்லதாக வாங்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விடக் கூடுதல் கவனத்தை வேண்டி நிற்பது தண்ணீர். கோடைதோறும் ஒன்ராறியோவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் மூழ்கி இறப்போரின் செய்திகளில் குடியேறிய சமூகங்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. தமிழ்ப் பெயர்களும் அவற்றுள் உண்டு. புதிதாகக் குடியேறிய 11 முதல் 14 வயதுப் பிள்ளைகள் நீந்தத் தெரியாதிருப்பதற்கான வாய்ப்பு, கனடாவில் பிறந்த சக மாணவர்களை விட ஐந்து மடங்கு அதிகம் என்று உயிர்காப்புச் சங்கத்தின் ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. கடல் சூழ்ந்த நிலத்திலிருந்து வந்த ஒரு சமூகம் இந்த இடத்தில் நின்று சிந்திக்க வேண்டும். கடலோடிகளின் பிள்ளைகளைத் தவிர்த்தால், நீச்சலை ஒரு கல்வியாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வழக்கம், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வழக்கம், ஊரிலும் பரவலாக இருக்கவில்லை. போரும் பாதுகாப்பு வலயங்களும் கடற்கரைகளை மூடிவைத்திருந்தன. 2004 மார்கழி ஆழிப்பேரலை எஞ்சியிருந்த நெருக்கத்தையும் அச்சமாக மாற்றியது. அந்த அச்சம் பெற்றோரை ஏரிக்கரையிலேயே நிறுத்திவைக்கின்றது. அச்சமறியாத பிள்ளைகளோ நீரில் இறங்கிவிடுகின்றனர். இறங்கிய பிள்ளையைக் காப்பாற்றப் பாய்ந்த நீந்தத் தெரியாத உறவினரும் சேர்ந்து மூழ்குவது இத்தகைய துயரங்களில் வழமையாகக் காணப்படுவதாகும்.

உயிர்காப்புச் சங்கம் பிழைத்திருப்பதற்கான நீச்சல் என்று வகுத்திருக்கும் அளவுகோல் மிக எளிமையானது. ஆழமான நீரினுள் உருண்டு விழுந்து நிலைகொள்ளுதல், ஒரு நிமிட நேரம் மிதந்து நிற்றல், 50 மீற்றர் தூரம் நீந்துதல் ஆகிய மூன்றுமே அது. இவற்றைக் கற்பிக்கும் வகுப்புக்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பாடசாலைகளூடாக நடத்தப்பட்டு வருகின்றன. அனுமதிக் கடிதம் வீட்டுக்கு வரும்போது அதில் கையொப்பமிடத் தயங்கும் பெற்றோர் இருக்கின்றனர். நடனத்துக்கும் மிருதங்கத்துக்கும் கணிதத்துக்கும் தனியார் வகுப்புக்களுக்குப் பணம் செலவிடும் சமூகம், அந்தக் கடிதத்தைக் குப்பைக் கூடையில் போடலாகாது. மாநகரசபையின் திறந்தவெளி நீச்சற்குளங்களும் நீர்த்தெளிப்புத் திடல்களும் கோடையில் கட்டணமின்றித் திறந்திருக்கின்றன. குறைந்த வருமானமுடையோர் நீச்சல் வகுப்புக்களுக்கான கட்டண உதவியை மாநகரசபையின் வரவேற்புத் திட்டத்தின் கீழ் விண்ணப்பித்துப் பெறலாம். கடற்கரை என்று அழைக்கப்படும் ஏரிக்கரைகளில் உயிர்காப்பாளர் பணியிலுள்ள இடத்திலும் நேரத்திலும் மட்டுமே பிள்ளைகளை நீரில் இறங்கவிட வேண்டும். இந்த விடயத்தில் எந்த விட்டுக்கொடுப்புக்கும் இடமில்லை.

பொதுவெளிகள் பெருகிக்கொண்டு மட்டும் போகவில்லை என்பதையும் பதிவுசெய்தாக வேண்டும். 1969 இல் திறக்கப்பட்டு, புதிய குடியேறிகள் செறிந்து வாழும் பிளெமிங்டன் பகுதியின் பிள்ளைகளுக்கு அயல்வீடு போலிருந்த ஒன்ராறியோ அறிவியல் மையம், 2024 யூன் 21 ஆம் நாள் கூரையின் நிலைமையைக் காரணம் காட்டித் திடீரென மூடப்பட்டது. 1971 முதல் ஏரிக்கரையை அலங்கரித்த ஒன்ராறியோ பிளேசின் மேற்குத் தீவு, தனியார் நிறுவனம் ஒன்றின் நீராடல் நிலையத்துக்காக 95 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது; அங்கிருந்த மரங்கள் 2024 ஒக்ரோபரில் ஓரிரவில் வெட்டி வீழ்த்தப்பட்டன. ரூஜ் பூங்காவின் கிழக்கு எல்லையையொட்டிய டபின்ஸ் ரூஜ் விளைநிலங்களை 2022 இல் மாகாண அரசு பசுமை வலயத்திலிருந்து நீக்கியது. மக்களின் கடும் எதிர்ப்பைத் தொடர்ந்து 2023 செப்ரெம்பரில் அந்த முடிவு கைவிடப்பட்டது. இந்தப் போராட்டங்களில் தமிழ் முகங்கள் இருந்தன என்றாலும் தமிழ் அமைப்புக்களின் குரல் போதிய அளவு கேட்கவில்லை. தாயகத்தில் நிலம் பறிபோவதைப் பற்றி இவ்வளவு அறிந்த சமூகம், தன் பிள்ளைகள் விளையாடும் நிலம் பறிபோகும்போது அயலவரின் போராட்டம் என்று பார்த்துக்கொண்டிருப்பது ஏற்புடையதல்ல.

மறுபுறத்தில், ரொறன்ரோவின் பூங்காக்களைத் தமிழர்களைப் போல் பயன்படுத்தும் சமூகங்கள் குறைவு என்று சொல்வதற்கும் இடமுண்டு. யூலையிலும் ஓகஸ்டிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோர்ணிங்சைட், மில்லிகன், தொம்சன் நினைவுப் பூங்காக்களுக்குச் சென்றால், ஊர்ச் சங்கங்களதும் பழைய மாணவர் சங்கங்களதும் ஒன்றுகூடல் பதாகைகள் மரத்துக்கு மரம் தொங்கும். பெரிய பானையில் ஒடியற்கூழ் கொதிக்கும். தேசிக்காய் ஓட்டம், சாக்கோட்டம், கயிறிழுத்தல், முட்டி உடைத்தல் எனக் காலையிலிருந்து மாலை வரை நீளும். மாநகரசபையின் விதிப்படி 25 பேருக்கு மேற்பட்ட ஒன்றுகூடலுக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். அந்த நடைமுறையில் இச்சங்கங்களின் செயலாளர்கள் தேர்ச்சி பெற்றவர்கள். எந்தப் பூங்காவில் எந்த மேசை எந்தத் திகதிக்குள் பதியப்பட வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் ஆண்டில் ஒரு நாள் மட்டுமே அந்தத் தேர்ச்சி பயன்படுகின்றது. அந்த நாளிலும் பிள்ளைகளுக்கென்று ஒரு மணி நேர விளையாட்டு நடந்து முடிந்ததும் பெரியவர்கள் ஊர்க்கதைக்கும் சீட்டாட்டத்துக்கும் திரும்பிவிட, பிள்ளைகள் கைபேசிகளுக்குத் திரும்பிவிடுகின்றனர். இருநூறு மீற்றர் தூரத்தில் ஆறு ஓடிக்கொண்டிருக்கும்.

இச்சங்கங்கள் தமது பெருவிழாவின் செலவில் சிறு பகுதியை ஒதுக்கினால், விடுமுறைக் காலத்து வார நாட்களில் அம்மம்மா, அப்பப்பாமாரும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து செல்லும் சிறு பயணங்களை ஒழுங்குசெய்ய முடியும். ஆங்கிலமும் தமிழும் தெரிந்த உயர்தரப் பாடசாலை மாணவர் இருவர் வழிகாட்டியாக வந்தால் போதும். ஒன்ராறியோவில் அவர்கள் பட்டம் பெறுவதற்கு 40 மணி நேரத் தொண்டுப் பணி தேவைப்படுகின்றது. அந்த மணித்தியாலங்களைத் தேடி அவர்கள் அலைவது எல்லோரும் அறிந்ததே. கட்டடத்தின் முன்றலில் காலை ஒன்பது மணிக்குக் கூடி, பேருந்தில் ஏறி, விஸ்ரா பாதையில் நடந்து, மேடையில் இருந்து சாப்பிட்டுவிட்டு, பகல் வெயில் ஏறும் முன் திரும்பிவிடலாம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கள் ஆண்டில் இரண்டு வகுப்புக்களை ஆற்றங்கரையில் நடத்தினால், கொக்கு, நாரை, மரங்கொத்தி, தும்பி என்ற சொற்களைப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தின் படத்திலன்றி நேரில் கண்டு அறிவர். தேசியப் பூங்காக்களில் 17 வயதும் அதற்குக் குறைந்தவர்களுக்கும் 2018 முதல் நுழைவு இலவசம் என்பதையும், கூடாரமடித்துத் தங்கப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் நிகழ்ச்சிகளைப் பூங்காத் துறை 2011 முதல் நடத்தி வருகின்றது என்பதையும், ஒன்ராறியோவின் பல பொது நூலகங்கள் மாகாணப் பூங்காக்களுக்கான வாகன அனுமதிச் சீட்டைப் புத்தகம் போலவே இரவல் தருகின்றன என்பதையும் தமிழில் ஒரு பக்கத் துண்டுப் பிரசுரமாக அச்சிட்டு, யூன் மாதம் முடிவதற்குள் தமிழ்க் கடைகளின் பணம் செலுத்துமிடங்களிலும் கோவில் வாசல்களிலும் மாடிக் கட்டடங்களின் அறிவிப்புப் பலகைகளிலும் வைப்பதற்கு எந்தச் சங்கத்துக்கும் பெருந்தொகை செலவாகாது. அதே துண்டுப் பிரசுரத்தின் மறுபக்கத்தில், வார நாட்களிலும் புளவ்வர்ஸ் பூங்காவுக்குப் பேருந்து வேண்டும் என்ற கோரிக்கையை மாநகரசபை உறுப்பினருக்கு எழுதுவதற்கான மாதிரிக் கடிதத்தை அச்சிட இடமிருக்கின்றது.